அவர் கையில் என் வளையல்

நோர்வூட்டில் இருந்துகொண்டு கவரிங் வளையலை பேஸ்புக்கில் விற்கிறேன். மாதத்துக்கு ஏழெட்டு ஓடர்தான் வரும். அது கூடாவிட்டால் மறுபடியும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கத்தான் போகணும். அதனால் ஹட்டனில் வாராவாரம் நடந்த வியாபார வகுப்புக்குப் போனேன்.

சொல்லிக்கொடுத்தவர் கொழும்புக்காரர். நம்ம குளிர் ஆகாமல் அடிக்கடி கையில் கிரீம் தேய்ப்பார். என் போனை வாங்கி, நான் போட்டிருந்த வளையல் படத்தைப் பார்த்தார்.

“இது யார் கை மேடம்?”

“என் கைதாங்க.”

“ஒரே கொழுந்துக் கறை. யார் வாங்குவா? மிருதுவான கையா போடுங்க.”

அந்த மண்டபத்தில் அப்படி ஒரு கைதான் இருந்தது.

“அப்ப உங்க கையைக் குடுங்க சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். மறுக்க முடியாமல் நீட்டினார். வளையல் அளவாக ஏறியது. படம் பிடித்துப் போட்டேன்.

இருந்த ஓடரும் நின்றது. வழக்கமாக வாங்கும் உடப்புசல்லாவைத் தோட்டத்துப் பொண்ணு போன் எடுத்தாள்.

“அக்கா, அந்தக் கைக்கு எது போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். எங்க கைக்கு எப்படி இருக்கும்னு காட்டுங்க.”

அடுத்த வகுப்பில் அதை அவரிடம் சொன்னேன்.

“தோட்டத்து ஆளுங்களை விடுங்க மேடம். அவங்க நம்ம கஸ்டமரே இல்ல.”

என்னிடம் வாங்குவது அவங்க மட்டும்தான். பழைய படத்தையே போட்டுவிட்டேன். அவர் யாரை நினைத்து அத்தனை நாள் பாடம் எடுத்தார் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.