சம்பந்தியாக அவர் வராத ஒரு நாள்

செய்தி வந்தபோது நான் சிதம்பரம் மீன் மார்க்கெட்டில் கொடுவாவுக்கு விலை பேசி முடித்திருந்தேன். மீன்காரம்மா வெட்டிக்கொண்டிருந்தார். கடலூரிலிருந்து மகன் செந்தில் அழைத்தான். "அப்பா, அத்த போயிட்டாங்கப்பா. காலையில காபி போட்டுக்கிட்டு இருந்தாங்க, அப்டியே உக்காந்துட்டாங்க" என்றான். என் முகத்தைப் பார்த்த மீன்காரம்மா, "யாருங்க சார்?" என்றார். சம்பந்தியம்மா என்றேன். "அப்ப மீன எடுத்துக்கிட்டுப் போவாதீங்க. வச்சிட்டுக் கெளம்புங்க, பஸ்ஸ புடிங்க மொதல்ல" என்று என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

செந்திலின் மாமியார், கடலூர் செம்மண்டலத்தில் குடியிருந்த பேராசிரியர் மனோரஞ்சிதம் அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருடைய பழைய மாணவர்கள் ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். உறவுக்காரர் ஒருவரும் எழுதினால் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்டார்கள். வாழ்நாள் முழுவதும் மாணவர்களுக்குப் பாறைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். உருக்கமாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் கடலூரில் ஒரு சின்ன கலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். சின்ன என்றால் உண்மையிலேயே சின்னது. காலையில் கேட்டருகே நின்றால் உள்ளே போகிற எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம். நான் வேலை பார்த்தது சிதம்பரத்தில், பெரிய பல்கலைக்கழகத்தில். அங்கே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் சட்டை நனைந்துவிடும். இரண்டு பேரும் வாத்தியார் என்பதால் சம்பந்தம் பேசியபோது தரகருக்கு வேலை சுலபமாகப் போயிற்று. சம்பந்தியம்மா கணவரை இளவயதிலேயே இழந்தவர். ஒரே மகள் அபிராமி. அந்த அபிராமிதான் என் மருமகள்.

சம்பந்தி மரியாதை என்றால் என்ன என்பதை நான் அவரிடம்தான் முழுமையாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவி உட்காரும்வரை உட்கார மாட்டார். என் மனைவியும் விருந்தாளி உட்காராமல் உட்கார மாட்டாள். இரண்டு பேரும் "நீங்க மொதல்ல", "இல்லீங்க நீங்க" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் பேப்பரைப் படித்து முடித்துவிடுவேன். வெறுங்கையோடு அவர் எங்கள் வாசற்படி மிதித்ததில்லை. பழம், பூ, கடலூர் பேக்கரி பிஸ்கட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட வேண்டும், அவரோ வேண்டவே வேண்டாம் என்பார். அந்தப் பேச்சிலேயே ஒரு பஸ் போய்விடும்.

இந்த மரியாதைதான் ஒரு நாள் எங்களைக் கவிழ்த்தது.

பேரனுக்குக் காதுகுத்து கடலூரில் நடந்தது. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். என் மகள் கயல்விழி, செந்திலுக்குப் பின் வெகுநாள் கழித்துப் பிறந்தவள், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருந்தாள். அவளும் பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பேச்சு படிப்புப் பக்கம் வந்தது. "என்ன இருந்தாலும் உங்க காலேஜு மாதிரி வருமாங்க? ஒவ்வொரு பசங்களையும் தனித்தனியா கவனிக்கிறீங்க. எங்க எடம் ஒரு சந்தைங்க" என்றேன். அவர் விடுவாரா? "அட நீங்க ஒண்ணு. யுனிவர்சிட்டிய பக்கத்துல வச்சிக்கிட்டு இப்டி சொல்றீங்களே. நாங்கள்லாம் சும்மா டியூசன் சென்டர் மாதிரிங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வெற்றிலை வந்தது. இரண்டு பேரும் திருப்தியாகப் போட்டுக்கொண்டோம்.

ரிசல்ட் வந்த வாரம் கயல் என்னிடம் வந்து, கடலூர் கல்லூரிக்கு மட்டும்தான் விண்ணப்பித்திருக்கிறேன் என்றாள். பொருளாதாரம் படிக்கப் போகிறாளாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு எதற்கு அங்கே என்று கேட்டேன்.

"நீங்கதானப்பா சொன்னீங்க, உங்க எடம் சந்தைன்னு. அங்கயே வேல பாக்கறவரு சொன்னா சரியாத்தான இருக்கும்?"

சம்பந்தியிடம் மரியாதைக்குச் சொன்னேன் என்றால், அப்பா பொய் சொல்கிறவர் என்றாகும். என் மனைவிக்கு வேறு கவலை. தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது, பெண்ணைக் கடலூரில் தங்கவைக்க வேண்டும். செம்மண்டலத்தில் வீடு இருக்கும்போது விடுதியில் சேர்த்தால் சம்பந்தியம்மா மனம் நோகும். சேர்க்காமல் அவர் வீட்டிலேயே விட்டால் ஊர் பேசும். "பொண்ணு எடுத்த வூட்டுல நம்ம பொண்ணக் கொண்டுபோயி விடறதா? வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேண்டாம் என்று தடுத்தால் அதைவிட மோசம். உங்கள் கல்லூரி எங்கள் பெண்ணுக்குப் போதாது என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். நாங்கள் சும்மா இருந்தோம். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் சம்பந்தியம்மா நிற்கிறார். முன்கூட்டி ஒரு போன் இல்லை. கையில் குடை மட்டும் இருந்தது. என் மனைவியின் கண் அவர் கையைத்தான் முதலில் பார்த்தது.

"இன்னிக்கு நான் சம்பந்தியா வரலீங்க. அதான் கைய வீசிக்கிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். "காபி வேணாம். தண்ணி குடுங்க போதும். கயலக் கூப்புடுங்க."

கயல் வந்தாள். அவர் என்னைப் பார்த்து, "அன்னிக்குக் காதுகுத்துல எங்க காலேஜப் பத்தி நீங்க சொன்னது மனசுலேருந்து வந்ததில்ல. நான் உங்க எடத்தப் பத்தி சொன்னதும் அப்டித்தான். பெரியவங்களுக்குள்ள அது சரி. பாவம், பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்து ரெண்டையும் நம்பிட்டுது" என்றார். எனக்குக் காது சுட்டது. என் மனைவி தண்ணீர்ச் செம்போடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இப்ப ஒண்ணு பண்ணுவோம். அவுங்க அவுங்க எடத்துல இருக்கற கொறைய அவுங்க அவுங்களே சொல்லுவோம். மொதல்ல நானே சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "கயலு, எங்க டிபார்ட்மென்ட்டுல மூணே பேரு. ஒருத்தருக்கு ஜுரம் வந்தா அந்தப் பாடமும் படுத்துக்கும். லைப்ரரி ஒரே ரூமு. மூணு வருசமும் அதே மொகங்கதான், ஒத்துப்போச்சின்னா சொந்த வூடு மாதிரி, ஒத்துப்போவலன்னா ஓடவும் எடம் இருக்காது. எல்லாத்தையும் விட ஜாஸ்தி ஒண்ணு இருக்கு. அங்க நீ கயல் கெடயாது. மனோ மேடத்தோட சொந்தக்காரப் பொண்ணு. மார்க்கு வாங்குனாலும் அதத்தான் சொல்லுவாங்க, வாங்காட்டியும் அதத்தான் சொல்லுவாங்க."

என் முறை வந்தது. இவ்வளவு காலம் சோறு போட்ட இடத்தைப் பற்றிப் பெற்ற மகளிடம் என்ன சொல்வது? அவர் விடவில்லை. "சொல்லுங்க சார்" என்றார். அதுவரை என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருந்தார். சார் என்றது அன்று மட்டும்தான்.

"பெரிய எடம்மா" என்றேன். "நீ ஒரு நாள் வரலன்னா ஏன் வரலன்னு கேக்க ஆளு இருக்காது. நீயா போயி கதவத் தட்டலன்னா எந்த வாத்தியாருக்கும் உம் பேரு தெரியாது. எகனாமிக்ஸ் பக்கம் என்னையே யாருக்கும் தெரியாது. எனக்கே எங்கிட்டப் படிச்ச பாதிப் பேரோட பேரு தெரியாது." கடைசி வாக்கியம் நான் யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. சொன்னபிறகு வருத்தமாக இருந்தது.

கயல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்த, நான் எங்க சேரணும்னு உங்களுக்கு ஆச?" என்று கேட்டாள்.

"ஆச இருக்கு. அத சொல்ல மாட்டேன்" என்றார் அவர். குடையை எடுத்துக்கொண்டார். நான் செருப்பைத் தேடினேன். "நீங்க இருங்க, எனக்கு வழி தெரியும்" என்று போய்விட்டார்.

மறுநாளே கயல் கடலூர் போய் அந்தக் கல்லூரியைச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த நாள் இங்கே பல்கலைக்கழகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாயங்காலம் முடிவைச் சொன்னாள். "தெரியாத ஆளுங்க நடுவுல போயி நிக்கிறேம்ப்பா. கதவத் தட்டிப் பாக்கறேன்" என்றாள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்தது. நான் சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். "ரொம்ப நல்லதுங்க. எந்தக் கதவத் தட்டுனேன்னு வாராவாரம் எனக்குச் சொல்லச் சொல்லுங்க" என்றார். கயலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிறு சாயங்காலம் இருவரும் போனில் பேசுவார்கள். யாருடைய அறை, என்ன கேட்டாள், விரட்டினார்களா, உட்காரச் சொன்னார்களா என்று பேச்சு நீளும். எனக்கு அந்தப் பேச்சில் இடம் கிடையாது.

பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சம்பந்தியம்மா பழையபடி சீர்த்தட்டு, கரும்பு எல்லாவற்றோடும் வந்தார். பழையபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சுவாக்கில், இந்த வருடம் உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன்.

"இந்த வருசம் தொறக்கலீங்க. ஆளு பத்தல."

"எத்தன பேரு கொறஞ்சிது?"

"ஒருத்தரு" என்றார்.

சின்னக் கல்லூரி, குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் அந்தப் பாடத்தை அந்த வருடம் நடத்த மாட்டார்கள். ஒருமுறை விட்டுப்போனால் மறுபடி திறப்பது கடினம். இது எல்லாம் எனக்கும் தெரியும். "அன்னிக்கு ஞாயித்துக்கெழம வந்தீங்களே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா நீங்க மரியாதைக்குப் பொண்ண அனுப்பியிருப்பீங்க" என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, இந்த வருடக் கரும்பு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தது, இனிப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லத் தொடங்கினார்.

அந்தப் பாடம் பிறகு திறக்கவே இல்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்த பிள்ளைகளை முடித்து அனுப்பினார். கடைசியில் வணிகவியல் பிள்ளைகளுக்கு ஒரு தாள் மட்டும் நடத்தி ஓய்வு பெற்றார். அதைப் பற்றி அவர் குறைபட்டு யாரும் கேட்டதில்லை. நான் கயலிடம் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் சொல்வது முறையில்லை என்று நினைத்தேன். கயல் படித்து முடித்தாள், இப்போது புதுச்சேரியில் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் போன் மட்டும் நிற்கவில்லை. இறந்துபோவதற்கு முந்தின ஞாயிறுகூடப் பேசியிருக்கிறார்கள்.

நாங்கள் செம்மண்டலம் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறைய ஆட்கள். புதுச்சேரியிலிருந்து கயல் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். வீட்டுக்குள் உறவுக்காரர்கள், வெளியே பந்தலில் அவருடைய மாணவர்கள். முதுநகரில் கடை வைத்திருக்கும் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். "நாங்கதாங்க மேடத்தோட கடைசி செட்டு. எங்களுக்கு அடுத்த வருசம் எகனாமிக்ஸ மூடிட்டாங்க" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். எந்த வருடம் சேர்ந்தீர்கள் என்று கயல் அவளிடம் கேட்டதை நான் பார்த்தேன். பிறகு கயல் என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"அப்பா, மூடுன வருசம் நான் சேர வேண்டிய வருசம். நான் வராததாலயா மூடுனாங்க?"

சாவு வீட்டில் இதற்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லோருக்கும் தெரியும். அப்படியெல்லாம் இல்லைம்மா, ஏதேதோ காரணம் இருக்கும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. என் நாக்கில் அதுதான் இருந்தது. உள்ளே ஐஸ் பெட்டியில் கிடந்தவரைப் பார்த்தேன். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாம்மா. ஒருத்தரு கொறஞ்சிது. அது அவுங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சிதான் அன்னிக்கு வந்து ஒன்கிட்ட கொறையெல்லாம் சொன்னாங்க" என்றேன்.

கயல் அழவில்லை. பாடையைத் தூக்குமுன் மாலை போடக் கூப்பிட்டார்கள். உறவுமுறைக்காரர்கள் முதலில், மாணவர்கள் கடைசியில் என்று யாரோ ஒழுங்குபடுத்தினார்கள். என் மனைவி கயலின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். கயல் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். அந்தக் கல்லூரியில் ஒரு நாளும் படித்திராத என் மகள், கைக்குழந்தைக்காரிக்குப் பின்னால், கடைசி ஆளாகப் போய் நின்றாள். அவள் முறை வரும்வரை தூக்க வேண்டாம் என்று நான் ஆட்களிடம் சொன்னேன்.

போய் வாருங்கள், சம்பந்தியம்மா. உங்களைப் போல ஒரு வாத்தியாரை நான் பார்த்ததில்லை. இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை.