தங்கப் பட்டை வரிசை

என் கணவர் இன்னொரு மனிதனை அடித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் சுரங்கத்திலோ சாலையிலோ இல்லை. பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்தக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், தண்ணீர்ச் சறுக்கு கோபுரத்தின் அடியில்.

எங்கள் இருவருக்கும் ஊர் விருதுநகர் பக்கம். கல்யாணமான மறு மாதமே நெய்வேலிக்கு வந்துவிட்டேன். அவர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் நிரந்தர வேலையில் இருக்கிறார். நான் குவார்ட்டர்ஸிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள், சின்னவள் இரண்டாம் வகுப்பு. கன்வேயர் இரைச்சலில் பேசிப் பேசி அவருக்குக் குரல் பெரியது. அக்கம்பக்கத்தில் அவரைக் கோபக்காரர் என்பார்கள். ஆனால் வீட்டில் யார் மேலும் கை வைத்ததில்லை.

குள்ளஞ்சாவடி தாண்டி, முந்திரித் தோப்பாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு தீம் பார்க் திறந்திருந்தார்கள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் போய் வந்துவிட்டார்கள் என்று சின்னவள் தினமும் அழுதாள். மே மாத விடுமுறையில், நண்பர் ஒருவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு நாலு பேரும் கிளம்பினோம்.

டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். "சார், கோல்டு பேண்ட் எடுத்துக்கோங்க. கட்டிகினீங்கன்னா எந்த வரிசையிலயும் நிக்க வேணாம். நேரா போயிகினே இருக்கலாம். சாப்பாடும் அதுலயே வந்துரும்."

நுழைவுச் சீட்டுக்கு ஆனதைப் போல இன்னொரு மடங்கு கேட்டாள். நான் வேண்டாம் என்று அவர் சட்டையை இழுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து வேன் பிடித்து வந்தவர்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். உள்ளே கண்ணுக்கெட்டியவரை தலைகள். "வருஷத்துல ஒரு நாளு. பிள்ளைகள வெயில்ல காய வைக்கவா வந்தோம்?" என்று சொல்லிப் பணத்தை நீட்டினார். பளபளவென்று மஞ்சள் நிற பிளாஸ்டிக் பட்டையை எங்கள் மணிக்கட்டில் ஒவ்வொருவராகச் சுற்றி ஒட்டிவிட்டார்கள். சின்னவள் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் பெரிய ஊஞ்சல் கப்பலுக்குப் போனோம். தங்கப் பட்டைக்காரர்களுக்கு என்று தனி வழி இருந்தது. அந்த வழியில் நின்றவர்கள் சாதாரண வரிசையில் நின்றவர்களைவிட அதிகம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதை விற்றுத் தள்ளியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கப்பல் ஒரு சுற்று ஆடி முடிக்கும், பத்துப் பேர் இறங்குவார்கள், பத்துப் பேர் ஏறுவார்கள். நாங்கள் நின்றோம். தகரக் கூரைக்கு அடியில் காற்றே இல்லை. சின்னவளுக்கு மூக்கில் வியர்வை கோர்த்தது.

அங்கே நின்ற ஊழியரிடம் இவர் கேட்டார். "நிக்கவே வேண்டாம்னுதானே சொன்னாங்க?"

"வழிதான் சார் தனி. மிஷின் ஒண்ணுதானே" என்றான் அவன்.

"மிஷின் ஒண்ணுதான்னு அங்கயே சொல்லியிருக்கணும்ல?"

அவன் அடுத்த பத்துப் பேரை எண்ணி உள்ளே விட்டான். 

கப்பலில் ஏறாமலே வெளியே வந்தோம். அடுத்து ரோலர் கோஸ்டர். பழுது பார்க்கிறோம் என்று கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கடுத்து சாப்பாடு. பட்டைக்காரர்களுக்கான கூடத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாத்திரங்களின் அடியில் சாம்பார் சாதம் காய்ந்து ஒட்டியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கக் கவுன்டருக்குப் போனார். ஒட்டிய பட்டையை வாபஸ் வாங்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் கையில் இருந்த பட்டையை விரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நடந்தார். அந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. அப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றேன். "கட்டுன காசுக்கு ஒண்ணுலயாவது ஏத்திட்டுத்தான் வருவேன்" என்றார்.

அப்படித்தான் தண்ணீர்ச் சறுக்குக்குப் போனோம். உயரமான கோபுரம். அடியில் இரண்டு வரிசைகள், நடுவே இரும்புக் குழாய்த் தடுப்பு. படிக்கட்டு தொடங்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. அங்கே நின்ற ஊழியர் எங்கள் வரிசையில் இருந்து ஒரு கூட்டத்தை ஏற்றுவார், அந்தப் பக்கத்தில் இருந்து இரண்டு பேரை விடுவார். அந்தப் பக்கம் முணுமுணுப்பு ஏறிக்கொண்டே போனது. கெட்ட வார்த்தைகள் கேட்டன. ஒருவர் எங்கள் பக்கமாகத் துப்பினார். எச்சில் தடுப்பில் பட்டு வழிந்தது. நாங்களும் நகராமல்தான் நிற்கிறோம் என்று அவர்களுக்குச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்போது நீலச் சட்டை போட்ட ஒருவர் தடுப்புக்குக் கீழே குனிந்து எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். பின்னாலேயே அவர் மனைவி, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்தாள்.

"பட்டை இருக்கா?" என்றார் என் கணவர்.

"இன்னாத்துக்குங்க பட்டை? காலையிலருந்து கொளந்தைய வச்சிகினு நின்னுகினு இருக்கோம். ஒரே ஒரு தபா ஏறிட்டுப் போயிடுறோம்."

"வரிசைக்குப் போ."

"போவமுடியாதுங்க."

இவர் அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். அவன் இரண்டடி பின்னால் போய் நின்றான். "கைய எடுத்துட்டுப் பேசுங்க" என்றான். குரலை உயர்த்தவில்லை.

"வெளிய போடா."

"டா போட்டுப் பேசாதீங்க சார்."

அடுத்த நொடி இவர் குத்திவிட்டார். மூடிய முஷ்டி மூக்கின் நடுவில் இறங்கியது. காய்ந்த விறகை முறிப்பது போல ஒரு சத்தம். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரல் இடுக்கில் ரத்தம் கொட்டி, ஈரத் தரையில் விழுந்து, இளஞ்சிவப்பாகப் பரவியது.  ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகும் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுக்கிற கை அது.

தடுப்பைத் தாண்டி இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவன் அவனுடைய தம்பி என்பது முகத்திலேயே தெரிந்தது. தம்பி இவருடைய காதோடு சேர்த்து ஒரு அறை விட்டான். இவர் சாய்ந்து கோபுரத்தின் தூணில் மோதி விழுந்தார். விழுந்தவரை இரண்டு பேரும் மிதித்தார்கள். வயிற்றில், விலாவில், தொடையில். யாரும் தடுக்கவில்லை. சாதாரண வரிசையில் இருந்து "போடு, இன்னும் போடு" என்று கேட்டது. அது ஒரு குரல் இல்லை, பல குரல்கள். அத்தனை பேரும் காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள்.

பெரியவள் ஓடிப்போய் ஒருவன் முதுகில் தொங்கி அவன் தோளைக் கடித்தாள். அவன் உதறிய வேகத்தில் தரையில் விழுந்து முழங்கை கிழிந்தது. அதைப் பார்த்ததும் என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை ஓங்கினேன். ஸ்டீல் பாட்டில், பாதித் தண்ணீர் இருந்தது. தம்பிக்காரனின் புருவத்தில் பட்டது. தோல் பிளந்து கண் மேல் ரத்தம் இறங்கியது. அவன் என்னை நம்ப முடியாதவன் போலப் பார்த்தான். நான் மறுபடி ஓங்கினேன்.

காவலாளிகள் பிரம்போடு ஓடிவந்தது அப்போதுதான். அவர்கள் யார் அடித்தது, யார் அடி வாங்கியது என்று கேட்கவில்லை. எல்லோருடைய மணிக்கட்டையும் பார்த்தார்கள். மஞ்சள் பட்டை இருந்தவர்களை ஒதுக்கிவிட்டார்கள். இல்லாதவர்கள் மேல் பிரம்பு விழுந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனையும் முதுகில் அடித்தார்கள். அடியைத் தடுக்க அவன் கையை உயர்த்தியபோது பிரம்பு விரல்களின் மேல் விழுந்தது. அவன் மனைவி குழந்தையை மார்போடு அணைத்தபடி, "அவரு அடிக்கலீங்க, அவருதாங்க அடிபட்டவரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் கத்தினேன். "அவர விடுங்க. அவர் ஒண்ணும் பண்ணல."

"நீங்க போங்க மேடம். நாங்க பாத்துக்கிறோம்" என்றார் காவலாளி. ரொம்ப மரியாதையாகச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி அடித்தார்.

எங்களை முதலுதவி அறைக்கு அழைத்துப் போனார்கள். ஏசி ஓடியது. எலுமிச்சைச் சாறு வந்தது. இவருக்குக் காதில் பஞ்சு வைத்தார்கள், அதில் ரத்தம் ஊறியது. மேலாளர் வந்து, ரொம்ப வருத்தப்படுகிறோம் என்றார். "அந்தப் பசங்க மேல கேஸ் குடுத்துடலாம் சார். நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்."

இவர் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"முதல்ல அடிச்சது நீங்க" என்றேன்.

"வாய மூடு."

"நீங்கதான் அடிச்சீங்க. அந்த ஆளு கையக்கூட ஓங்கல."

மேலாளர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூலையில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவள், "ஆமா. அப்பாதான் அடிச்சாங்க. நான் பாத்தேன்" என்றாள். சின்னவள் அழத் தொடங்கினாள். மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்படியானால் இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். அந்த மனிதர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் வடலூருக்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பெரியவளைப் பார்த்துக் கையை ஓங்கினார். அவள் நகரவில்லை. "அடிங்க" என்றாள். நான் நடுவில் கையை நீட்டினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கி, இரவல் கார் என்றும் பார்க்காமல் அதன் கதவை உதைத்தார். மறுபடி மறுபடி உதைத்தார். தகடு உள்வாங்கியது. லாரிகள் எங்களைக் கடந்து போயின. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்கு இடது செவிப்பறை கிழிந்திருந்தது. வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்படி இருந்தபோது ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"அந்த ஆளு நம்ம மைன்ஸ்தான். கான்ட்ராக்ட். கேட்டுக்கு வெளிய டீக்கடையில பாத்தேன். மூக்குல பிளாஸ்திரி. ரெண்டு விரல்ல கட்டு."

"அவர் உங்களப் பாத்தாரா?"

"பாத்தான்."

"போய்ப் பேச வேண்டியதுதானே?"

"என்னன்னு பேச?"

 விரலில் கட்டோடு ஒப்பந்த வேலை பார்க்க முடியாது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. இருந்தும் அந்த ஆள் சுரங்க வாசலில் வந்து நிற்கிறார் என்றால், இவர் வந்து போகிற நேரத்தைப் பார்த்துவைக்கத்தான் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. நான் சொல்லவில்லை, இவருக்கும் அது பட்டிருக்கும்.

அடுத்த வாரம் முதல் ஷிஃப்ட் முடிந்து பிற்பகலில் வண்டியில் வந்துகொண்டிருந்தவரை மரங்கள் அடர்ந்த வளைவில் மறித்தார்கள். சவுக்குக் கட்டையால் அடித்தார்கள். எங்கள் பிளாக்கில் இருந்து யாரோ ஓடிவந்து சொல்லி நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சட்டையைக் கத்தரித்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வலது தோள் எலும்பு உடைந்து, தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு விலா எலும்பில் விரிசல். முதுகு முழுவதும் கட்டையின் அச்சு, கத்தரிப்பூ நிறத்தில் பட்டை பட்டையாக.

போலீஸ்காரர் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"வண்டி வழுக்கிருச்சு" என்றார்.

போலீஸ்காரர் அந்த முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "யாருன்னு தெரியும்ல? ஏன் சொல்லல?"

"தம்பிக்காரனும் இன்னும் ரெண்டு பேரும். மூக்குல அடிபட்ட அந்த ஆளு அடிக்கல. மரத்துக்கிட்ட நின்னு பாத்துகிட்டு இருந்தான். போதும்டா விடுங்கன்னு சொன்னதும் அவன்தான்."

"கம்ப்ளைன்ட் குடுங்க."

"குடுத்தா அவன் வேலை போயிரும். அப்புறம் வேற எவனாவது கட்டையத் தூக்கிகிட்டு வருவான். பிள்ளைக ஸ்கூலுக்குப் போயிட்டு வராங்க. முடியட்டும்."

மூச்சு விடவே வலித்ததால் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொன்னார்.  அந்தத் தம்பிக்காரன் வீடு தெரிந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். போய் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். தலை சீவிவிடுவதில் இருந்து எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. காரில் நடந்ததற்குப் பிறகு அவரோடு பேசாமல் இருந்த பெரியவள், ஒரு காலையில் நான் அடுப்பில் வேலையாக இருந்தபோது, தானாகவே போய் அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டாள்.  கடைசிப் பட்டன் வரை போட்டுவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டாள். அவர் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் கேட்டேன். "அந்த ஆளு இருந்தாரா?"

"டீக்கடையில இருந்தான்."

"பேசினீங்களா?"

"இல்ல" என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தோள் சேந்துருச்சான்னு கேட்டான். விரல் மடங்குதான்னு கேட்டேன். ஒண்ணு மடங்கலைன்னான். டீய குடிச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

அவர்கள் இருவருக்கும் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இப்போது கேட்டால்கூட இவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். எனக்குத்தான் அது இன்னும் முடிந்தபாடில்லை. சந்தைக்குப் போனால் எதிரே வரும் ஆண்களின் புருவத்தைப் பார்க்கிறேன். என் பாட்டில் பட்டுத் தையல் போட்ட தழும்பு உள்ள ஒருவன் என்றைக்காவது எதிரே வருவான். அவனைத் தாண்டி நடந்து போய்விடுவேன் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.