மச்சான் தேடிய குறடு

என் அக்கா கணவருக்கு எரியோட்டில் பம்புசெட் பழுதுபார்க்கும் வேலை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மோட்டார் நின்றுவிட்டால் மச்சானைத்தான் கூப்பிடுவார்கள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பழைய குறடு சேர்ப்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த பித்து.

சாதாரணக் குறடு இல்லை. ஒரே கருவிக்குள் இரண்டு மூன்று வேலை அடங்கிய அந்தக் காலத்து இரும்பு. தலைப்பக்கம் குறடாக இருக்கும், கைப்பிடியின் முனை ஸ்பேனராக இருக்கும். சிலவற்றில் இன்னொரு கைப்பிடி ஸ்க்ரூடிரைவராக முடியும். பழைய இரும்புக்கடைகளில் மூட்டையைக் கொட்டித் தேடி எடுத்து வருவார். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, வீட்டின் முன்னறையில் பலகையில் ஆணியடித்து மாட்டுவார். நாற்பதுக்கு மேல் சேர்த்திருந்தார். நானும் அவரைப் பார்த்துத்தான் சேர்க்கத் தொடங்கினேன். என்னிடம் பதினொன்று இருந்தது. அதில் ஏழு அவர் கொடுத்தவை.

அவர் தேடியது வேறு ஒன்று. கல்யாணமான புதிதில் அவரிடம் அது இருந்திருக்கிறது. கைப்பிடியின் முனையில் ஒரு சிறு ஸ்பேனர், அதன் வாயை ஒரு திருகைச் சுற்றி வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிணற்றில் இறங்கி வேலை பார்க்கும்போது கை நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. பல வருடம் கழித்து அந்தக் கிணறு வற்றிவிட்டது என்று கேள்விப்பட்டு, கயிறு கட்டி இறங்கிச் சேற்றைத் துழாவியிருக்கிறார். கிடைக்கவில்லை. அதே மாதிரி ஒன்றை எங்கேயாவது பார்த்துவிட மாட்டோமா என்றுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின.

நான் திண்டுக்கல்லில் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். குஜிலியம்பாறை போய்த் திரும்பும் வண்டி. அங்கே பத்து நிமிடம் நிற்கும். ஸ்டாப்புக்கு எதிரே ஒரு பழைய இரும்புக்கடை. ஒரு மத்தியானம் டீ குடித்துவிட்டு அந்தக் கடைக்குள் போனேன். போல்ட்டும் நட்டும் கிடந்த தகர டின்னில் கையை விட்டபோது அது வந்தது. திருகு, சிறு ஸ்பேனர், எல்லாம் மச்சான் சொன்னபடியே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். கடைக்காரர் எடைபோட்டுக் கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

திண்டுக்கல் வரும்வரை மச்சானிடம் எப்படிச் சொல்வது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"என்ன மாப்ள, எதுவும் ஆப்புட்டுச்சா?"

தினமும் கேட்கிற கேள்விதான்.

"ஒண்ணும் இல்ல மச்சான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. பிறகு யோசித்திருக்கிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் நல்லது அவர் கைக்குத்தான் கிடைக்கும். நான் பார்த்துவிட்டுத் தள்ளிய குவியலிலிருந்து அவர் எடுப்பார். அன்றைக்கு முதல்முறையாக என் கைக்கு ஒன்று வந்திருந்தது. ஒரு வாரம் வைத்துக்கொண்டு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். துருவை எடுத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். ஒரு வாரம் கழிந்ததும் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் வந்தது. மாதங்கள் ஆக ஆக அந்தப் பயம்தான் வளர்ந்தது.

மூன்று வருடம் அப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். என் வீட்டுப் பீரோவில் இருக்கிற ஒன்றைத் தேடி நானும் அவரோடு போனேன். ஒரு சித்திரை மாதம், பழனி ரோட்டில் ஒரு கடை. வெயிலில் முழங்காலிட்டு மூன்று மூட்டைகளைக் கொட்டிக் கிளறினார். கம்பி குத்தி விரலில் ரத்தம் வந்தது. நான் நிழலில் நின்று சர்பத் குடித்துக்கொண்டிருந்தேன்.

"விடுங்க மச்சான், போவோம்" என்றேன்.

"செத்த நேரம் இரு மாப்ள. இந்த ஒரு மூட்டைதான்."

போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆனபின், இனியும் வைத்திருக்கக் கூடாது என்று துணிச்சுருளோடு எரியோடு போனேன். அக்கா தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தார். துணியைப் பிரித்து அவர் இடது கையில் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"எப்ப ஆப்புட்டுச்சு?"

"போன வாரம் மச்சான். குஜிலியம்பாறையில."

கட்டைவிரலால் திருகைச் சுற்றப் பார்த்தார். அது நகரவில்லை. மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

"திருகுல எண்ணெய் பிசினாட்டம் காஞ்சிருக்கு. போன வாரம் போட்ட எண்ணெய் இப்படி ஆகாது மாப்ள."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு வருசம் இருக்குமா?"

"மூணு" என்றேன்.

வெளியே அக்கா யாரோடோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கலாம்ல. நான் தேடுறதையாவது விட்டிருப்பேன்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இடது கையை லேசாகத் தூக்கி வேண்டாம் என்று காட்டினார். நான் கிளம்பும்போது குறடு அவர் மடியிலேயே இருந்தது.

ஆவணி முடிவதற்குள் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபின், அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் குறட நீ தேடிக் கொண்டாந்து குடுத்தியாமே. கையில வச்சுக்கிட்டுச் சொன்னாரு. என் மாப்ள எனக்காக அலைஞ்சு எடுத்தாந்தான்னு. சாகுறதுக்குள்ள ஒரு ஆசை தீந்துச்சு அவருக்கு."

நான் அழுதுவிட்டேன். மச்சான் போனதற்காக அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையின் கீழே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பீரோவைச் சொன்னேன். பழனி ரோட்டுக் கடையையும் சொன்னேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குக் குறடு பெரிசில்ல தம்பி" என்றாள். "மூணு வருசம். அம்புட்டு ஞாயித்துக்கிழமையும் அவரு வீட்ல இருந்திருப்பாரு."

அது எனக்குத் தோன்றியதே இல்லை. மச்சானுக்குச் செய்ததை மட்டும்தான் நான் சுமந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகச் சோறு வடித்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்ததை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அக்கா என்னோடு பேசாமல் இல்லை. போன் செய்தால் எடுக்கிறாள், நல்லது கெட்டது சொல்கிறாள். வா என்றுமட்டும் இதுவரை அவளாகச் சொல்லவில்லை. நானாகப் போய் வருகிறேன். போன தடவை அவள் வீட்டு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு வயர் கருகியிருந்தது. நான் மாற்றினேன். அவள் வாசற்படியில் நின்று, மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டேனா என்று இரண்டு முறை கேட்டாள்.