ரோட்டில் சிந்திய கரி

என் மதினியைப் போலீஸ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சொன்னாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்டோ போய்விட்டது. துறைமுகச் சாலை ஓரத்தில் இருக்கும் அவளுடைய இட்லிக் கடையில் கொப்பரையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சாப்பிட வந்த லாரி டிரைவர்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். அவர்களில் ஒருவர்தான் இட்லியை இறக்கி வைத்து அடுப்பில் தண்ணீர் தெளித்தவர். கோர்ட் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டதற்காகப் பிடிவாரண்ட் என்று வந்த பெண் போலீஸ் சொன்னதாக அவர் சொன்னார். மாவுக் கையைக் கழுவக்கூட விடவில்லையாம்.

அந்தக் கோர்ட் வேலை ஒரு சாக்குக் கரியால் வந்தது.

எங்கள் சாலையில் இரவும் பகலும் நிலக்கரி லாரிகள் போகும். தார்ப்பாயை ஒழுங்காக இழுத்துக் கட்டுகிறவர்கள் குறைவு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கட்டி கட்டியாகக் கரி சிதறும். காயப்போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். இதற்காக எந்த லாரிக்காரர் மீதும், எந்தக் கம்பெனி மீதும் வழக்கு வந்து நான் கேள்விப்பட்டதில்லை. நான் வேலை பார்ப்பது துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் வேலைக்குப் பேப்பர் தயார் செய்யும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். அப்படி வழக்கு வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

மதினி விளக்குமாறும் சாக்கும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கரியைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவாள். விறகோடு இரண்டு கட்டி போட்டால் அடுப்பு வெகுநேரம் நின்று எரியும். ஒரு நாள் தனியார் கரி யார்டு ஒன்றின் காவலாளி, மதில் ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்தவளைச் சாக்கோடு பிடித்து நிறுத்தினான். யார்டுக்குள் புகுந்து திருடினாள் என்று புகார் எழுதினார்கள். என் அண்ணன் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோயிருந்த சமயம் அது. இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீல், முதல் குற்றம், சின்னப் பொருள், ஒத்துக்கொண்டால் புதுச் சட்டப்படி ஜெயில் கிடையாது, சமூக சேவையோடு போய்விடும், எதிர்த்து நடத்தினால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும் என்றார். கடையை மூடிவிட்டு வாய்தாவுக்கு நடக்க முடியாது என்று மதினி சம்மதித்தாள். அன்று நானும் கூட இருந்தேன். செய்யாத திருட்டை அவள் ஒத்துக்கொண்டபோது நீதிபதியின் முகத்தை அவள் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை ஓர் அரசு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்ய வேண்டும், தவறினால் சிறை என்பது உத்தரவு.

முதல் மூன்று வாரம் அவள் மாதா கோயிலில் விடியற்காலைப் பூசை முடிந்ததும் நேராக மருத்துவமனைக்குப் போனாள். பிரசவ வார்டின் கக்கூஸ் அவள் பங்கு. வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்றவர்கள் வழுக்கி விழக்கூடாதே என்று வீட்டிலிருந்து நல்ல பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். ஒப்பந்தத் துப்புரவு ஆட்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். வந்ததற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டியவர் அவர்தான். மூன்றாவது வாரம் அவர், அடுத்த ஞாயிறு தன் வீட்டில் மகளுக்குச் சடங்கு, அங்கே வந்து பாத்திரம் கழுவ வேண்டும் என்றார். கோர்ட் வேலைதானே, எங்கே செய்தால் என்ன என்றாராம்.

மதினி அன்று மாலை என்னிடம் சொன்னது இதுதான்:

"ஏளா, ஆஸ்பத்திரியில கக்கூஸ் கழுவச் சொன்னது கோர்ட்டு. கழுவுதேன். அவன் வீட்டு அண்டாவக் கழுவச் சொல்லி எந்தக் கோர்ட்டு சொல்லிச்சு?"

அவள் போகவில்லை. அந்த ஞாயிறு மருத்துவமனைக்கே போய் வார்டைக் கழுவிவிட்டு வந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறு மேற்பார்வையாளர் அவளை வார்டு வாசலிலேயே நிறுத்தி, போன வாரம் நீ வரவில்லை, இனி உனக்கு இங்கே வேலையும் கிடையாது என்று அனுப்பிவிட்டார். வார்டில் இருந்த நர்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். நடந்ததை நீதிபதியிடம் சொல்லவேண்டும் என்றோம். வக்கீல் மூலம் மனுவாகத்தான் வரவேண்டும் என்று ஊழியர் சொன்னார். வக்கீலைத் தேடிப் பிடித்தோம். வேறு வழக்குக்கு ஓடிக்கொண்டிருந்தவர், நடந்துகொண்டே கேட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் மதினி கடையைத் திறந்தாள். வேறு என்ன செய்திருக்க முடியும்? பூட்டிய கேட்டின் முன்னால் போய் நின்று சேவை செய்ய முடியுமா? மேற்பார்வையாளர் மட்டும் தன் கடமையைச் சரியாகச் செய்தார். இந்தப் பெண் பாதியில் நின்றுவிட்டாள் என்று கோர்ட்டுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது.

பிடித்துக்கொண்டு போன அன்று வழக்கமான நீதிபதி விடுப்பில் இருந்தார். பொறுப்பில் இருந்தவர் வந்திருந்த தகவலைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், வழக்கமான நீதிபதி வரும்வரை காவலில் வைக்கச் சொன்னார். சாயங்காலம் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் மனுப் போட்டுப் பார்க்கப் போனேன். சோதனை செய்யும்போது கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றச் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். கடையில் மீந்த மாவை என்ன செய்தாய் என்று கேட்டாள். தெருவில் எல்லாருக்கும் கொடுத்தேன் என்றேன். நல்லது என்றாள்.

அந்தத் தெருவே இரண்டு நாளில் பேச்சை மாற்றிவிட்டது. அவள் கரி அள்ளியதை வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள், உள்ளே புகுந்திருப்பாளோ என்று பேசிக்கொண்டார்கள். ஒன்றுமில்லாமலா பிடிப்பார்கள் என்று என் முகத்துக்கு நேரே ஒருவர் கேட்டார். அவருக்கு மதினி பல நாள் கடனுக்கு இட்லி கொடுத்திருக்கிறாள்.

எங்கள் ஆபீசுக்கு வந்துபோகும் ஒரு பெண் வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மனு எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் நீதிபதி வந்ததும் மதினியைக் கொண்டுவந்தார்கள். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று நீதிபதி கேட்டார். வக்கீல் எழுந்தார், நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தம்மா சொல்லட்டும் என்றார்.

"நான் நிறுத்தலய்யா. அவரு வீட்டுக்கு வேலைக்கு வரச் சொன்னாரு, மாட்டேன்னேன். அதுக்குப் பிறவு உள்ள விடல. இங்கன வந்து சொல்லலாம்னு வந்தோம். இங்கயும் உள்ள விடல."

நீதிபதி கோர்ட் ஊழியரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாரண்டை ரத்து செய்து, மீதி நாட்களை ஓர் அரசு நூலகத்தில் செய்யச் சொல்லி உத்தரவிட்டார் நீதிபதி. மருத்துவமனையிடம் விளக்கம் கேட்கச் சொன்னார். வெளியே வந்ததும் வக்கீல், நல்லபடியாக முடிந்தது என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. சிறையில் இவள் கிடந்த நாட்கள் யார் கணக்கில்? விளக்கம் கேட்ட பிறகு மேற்பார்வையாளரை வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் ஓர் இரவும் தன் வீட்டைவிட்டு வேறு இடத்தில் படுக்கவில்லை.

மதினி நூலகத்தின் தரையைத் துடைத்து, அலமாரித் தூசி தட்டி, உத்தரவை முடித்தாள். மறுபடியும் தோணியில் போயிருந்த அண்ணன் மாலத்தீவிலிருந்து வந்து விஷயம் கேட்டதும் மருத்துவமனைக்குக் கிளம்பினான். மதினி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். அடித்துவிட்டு நீயும் உள்ளே போனால் சோறு கொண்டுவர என்னால் முடியாது என்றாள். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். சில மாதம் கழித்துத் துறைமுகத்துக்குள் ஒரு கேன்டீனில் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. மாதச் சம்பளம், வெயிலும் புழுதியும் இல்லாத வேலை. நான்தான் அவளை விண்ணப்பிக்கச் சொன்னேன். உள்ளே நுழைய பாஸ் வேண்டும், பாசுக்குப் போலீஸ் விசாரணை வேண்டும். திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர் என்று விசாரணையில் வந்தது, பாஸ் இல்லை என்றார்கள். அதை நானே போய் அவளிடம் சொல்லவேண்டியிருந்தது.

"அதான் முடிச்சுக் குடுத்தாச்சே ளா. இன்னும் என்ன செய்யணுமாம்?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கும்தான்.

தீர்ப்பையே ரத்து செய்யக் கேட்டு அந்தப் பெண் வக்கீல் மதுரை ஹைகோர்ட்டில் மனு போட்டிருக்கிறார். நீயேதானே ஒத்துக்கொண்டாய் என்று கேட்பார்கள், கஷ்டம்தான், ஆனால் விடவேண்டாம் என்கிறார். நாங்கள் விடுவதாக இல்லை. போன மாதம் மதுரைக்குப் போனோம், வழக்கு எடுக்கப்படவில்லை. இந்த மாதமும் போகிறோம். அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறான்.