வரப்பில் இருக்கும் ருக்குமணி அக்காவின் சாக்கு

ருக்குமணி அக்கா போய்விட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம்... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் ஊர் முதலமடையில் அவரைத் தெரியாத வீடு இல்லை. பஞ்சாயத்துக்காக வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் வாங்கிப் போகும் பச்சைக் கோட்டு அக்கா. கழுவாத பால் கவரைக் கொடுத்தால் நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு மூன்று தடவை அப்படித் திரும்பக் கிடைத்திருக்கிறது.

போன வாரம் நான் ஒரு மடத்தனம் செய்தேன். தக்காளி முடிந்த காட்டில், களை வராமல் பாத்தியில் விரித்திருந்த கறுப்பு பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டை உருவ ஆள் கிடைக்கவில்லை. மழைக்கு முன்னால் உழ வேண்டுமென்ற அவசரம்... ஷீட்டோடு சேர்த்து டிராக்டரில் ரோட்டவேட்டர் விட்டு உழுதுவிட்டேன். முக்கால் ஏக்கரும் கறுப்புத் துணுக்கு.

ரோட்டில் போன அக்கா அதைப் பார்த்துச் சாக்கோடு உள்ளே இறங்கிவிட்டார்.

“ஏனுங்க தம்பி, என்ன வேலைங்க பண்ணி வெச்சிருக்கீங்க?”

“மண்ணுக்குள்ள கெடந்துட்டுப் போகுதுங்க்கா” என்றேன்.

“எங்கீங்க கெடக்கும்? ஒரு மழ பேஞ்சா ஓடைக்குப் போயிரும். ஓடையிலிருந்து ஆத்துக்கு, அங்கிருந்து பொன்னானிக் கடல். நீங்க அடிச்ச மருந்தையும் சேத்துத்தான் இழுத்துட்டுப் போகும்.”

பொன்னானிக்கு ஒரு தடவை டூர் போயிருந்தாராம். அங்கே ஒருவர் மீன் அறுக்கும்போது குடலில் இதே கறுப்புத் துணுக்கு.

“எங்கூருதா இருக்குமோன்னு அங்க நிக்கவே முடியலீங்க தம்பி” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் கூப்பிடாமலே வந்தார். நான், என் மனைவி, அவர்... குனிந்து குனிந்து பொறுக்கினோம்.

“விரல்ல புடிக்கற சைஸ்ல இருக்கையிலயே எடுத்தரோணுங்க. பொடியாச்சுன்னா மீனுதான் எடுக்கும்.”

நேற்று சாயந்தரம் பாதிக் காடு முடிந்தது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று சாக்கை வரப்பிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு அக்காவை எடுக்கிறார்கள். இப்போது ஒன்றரை. மலைப் பக்கம் மேகம் கறுத்து நிற்கிறது. மீதிக் காடு முழுக்க ஓடைப் பக்கம் சரிந்து கிடக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் இன்னும் காட்டில்தான் இருக்கிறோம். வரப்பில் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன், போனெல்லாம் மண். மழை முந்திவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் ஆளுக்கொரு சாக்கோடு வாருங்கள்.

கொஞ்சம் லேட்டா வர்றேனுங்க்கா. உங்க சாக்கு இன்னும் நெறையல.