வராத ஆளுக்கு ஒரு சீட்

சத்தியமா நடந்ததுங்க. என் தம்பிக்கு நடந்தது. அவன் பொய் சொன்னா காது சிவந்து காட்டிக் குடுத்துடும். இதைச் சொல்லும்போது காது சிவக்கல. முகம்தான் வெளுத்துப் போச்சு. வெளிநாட்டுல படிக்கிறான், லீவுக்கு வந்திருக்கான். வர்ற வெள்ளிக்கிழமை திரும்பிப் போகணும். ஏத்தி விடலாமா வேண்டாமான்னு தெரியாம வீட்டுல எல்லாரும் முழிச்சுட்டிருக்கோம். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அங்கே அவனோட ரூம்ல நம்ம பையன் ஒருத்தன் தங்கியிருக்கான். இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். அதனால பேரு கும்பகர்ணன், சுருக்கமா கும்பா. ஒரு சனி ஞாயிறு ரெண்டு பேரும் பெரிய நகரத்தைச் சுத்திப் பார்க்கலாம்னு, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ரயில் டிக்கெட் எடுத்தாங்க. முந்தின நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன கும்பா, அடுத்த ஸ்டேஷன்ல ஏறிக்கிறேன்னு சொல்லியிருந்தான்.

காலை ரயில். வெளியே ஒரே பனிமூட்டம். நம்ம பஸ்ல ஜன்னல் வழியா கர்சீப் போட்டு இடம் பிடிப்போமே, அந்தப் புத்தி எங்கே போனாலும் போகுமா? நான் பின்னிக் குடுத்த பச்சை மப்ளரை ஜன்னலோர சீட்ல விரிச்சுட்டு, தம்பி பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டான். அந்த ஊர்ல யாரும் அப்படிச் செய்யறதே இல்லையாம்.

அடுத்த ஸ்டேஷன் வந்துச்சு. கும்பா வரல. மெசேஜ்தான் வந்துச்சு. "மச்சான், தூங்கிட்டேன்டா. நீ போ, நான் வரல."

அப்பவே மப்ளரை எடுத்திருக்கணும். எடுக்கல. துரைக்குக் காலை நீட்ட இடம் வேணுமே! ஏறினவங்க ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க. எல்லாருக்கும் அந்த ஊர் பாஷையில ஒரே பதில். "மன்னிக்கணும், என் நண்பர் வர்றாரு." கைக்குழந்தையோட ஒரு அம்மா கேட்டப்பகூட அதையேதான் சொன்னான், பாவி.

அதுக்கப்புறம் யாரும் கேட்கல.

பெட்டி முழுக்க நெரிசல். ஆனாலும் அந்த சீட்டைப் பார்த்தவங்க, ஆள் இருக்கிற இடத்தைப் பார்த்த மாதிரி நகர்ந்து போனாங்க. டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். ஜன்னலோரம் பார்த்தார். "ரெண்டு பேர். சரி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

எதுக்கு வம்புன்னு தம்பி வாயைத் திறக்கல.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஜன்னல் கண்ணாடியைக் கவனிச்சான். ஆவி படிஞ்ச மாதிரி சின்னதா ஒரு வட்டம்... மறைஞ்சுது. திரும்பப் படிஞ்சுது. மறைஞ்சுது.

தன்னோட மூச்சா இருக்குமோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டான்.

வட்டம் திரும்பப் படிஞ்சுது.

மெதுவா மப்ளரைத் தொட்டான்...

வெதுவெதுன்னு இருந்துச்சு. உடம்புச் சூடு.

நகரத்துல என்னடா பார்த்தேன்னு கேட்டா அவனுக்கு ஒண்ணும் நினைவில்ல. விடுதியில ரெண்டு பேருக்குன்னு பதிவு பண்ணியிருந்தாங்க. வரவேற்புல இருந்த பொண்ணு, "உங்க நண்பர் இப்பதான் சாவி வாங்கிட்டு மேலே போனார்"னு சொன்னா. தம்பி மேலே போகவே இல்ல. ராத்திரி முழுக்க அந்தப் பொண்ணு எதிர்லயே சோபாவுல உக்காந்திருந்தான். தலைக்கு மேல, மாடியில, யாரோ நடந்துக்கிட்டே இருந்தாங்களாம்... இங்கேயும் அங்கேயும்.

மறுநாள் திரும்பி வர்ற ரயில்லயும் மப்ளரைப் பக்கத்து சீட்ல விரிச்சான். இறங்கும்போது எடுக்கல. "தப்புதாங்க. மப்ளரை வெச்சுக்குங்க, என்னை விட்டுடுங்க"ன்னு தமிழ்லயே சொல்லிக் கும்பிட்டுட்டு இறங்கிட்டான். கதவு மூடுச்சு. ரயிலோட மப்ளரும் போச்சு. அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல.

லீவுக்கு வீட்டுக்கு வந்தவனை, "நான் பின்னின மப்ளர் எங்கடா?"ன்னு அதட்டினேன். அப்பதான் இத்தனையும் சொன்னான். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "வராத ஆளுக்கு எதுக்குடா இடம் பிடிச்ச?"

"அதான் போயிடுச்சேம்மா"ன்னான் தம்பி. நாங்களும் மனசைத் தேத்திக்கிட்டு அவன் பெட்டியைக் கட்ட ஆரம்பிச்சோம்.

நேத்து சாயங்காலம் கும்பா வீடியோ கால்ல வந்தான். அவன்கிட்ட தம்பி இதைப் பத்தி மூச்சே விட்டதில்ல.

"டேய், மப்ளரை எதுக்குடா கட்டில்ல விரிச்சுட்டுப் போன?"

போனைத் திருப்பிக் காட்டினான். தம்பியோட காலிக் கட்டில். நடுவுல பச்சை மப்ளர், கசங்காம விரிச்சிருந்துச்சு. ஓரத்துல நான் பின்னும்போது விட்ட ஓட்டைகூடத் தெரிஞ்சுது.



"அதுல கொஞ்சம் சாயலாம்னு போனேன். யாரோ காதுகிட்ட சொன்ன மாதிரி இருந்துச்சுடா. எல்லாம் தூக்கக் கலக்கம்"னு கும்பா சிரிச்சான்.

"என்னப்பா சொன்னாங்க?" நான்தான் கேட்டேன்.

அந்த ஊர் பாஷையில சொன்னான். எனக்குப் புரியல. தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன்தான் தமிழ்ல சொன்னான்...

"மன்னிக்கணும். என் நண்பர் வர்றாரு."