முட்டைக்கோஸ் மேட்டில் இருபது வினாடி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது சத்தியம். படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

என் கணவர் கீஹ்வான் ஆறு வருஷமாக அமாவாசை தவறாமல் கங்னுங் ஊர் மலைமேல் இருக்கும் முட்டைக்கோஸ் மேட்டுக்குப் போவார். நட்சத்திரங்களைப் படம் எடுக்கிறாராம். யாரிடம் காது குத்துகிறார்? எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று என் வயிறு எரியும். கேட்டால், கேமரா மேலேயும் பொறாமையா என்று சிரிப்பார். போன குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நான் பின்னிய, இரட்டைக் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியைச் சவப்பெட்டிக்குள் வைத்து, என் கண்முன்னேதான் எரித்தார்கள்.

அவர் செத்தும் என் சந்தேகம் சாகவில்லை. அக்டோபர் அமாவாசைக்கு அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அறுவடை முடிந்த வெறும் மேடு. ஈ காக்காய் இல்லை. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருகிப் படம் எடுத்தேன். நட்சத்திரமெல்லாம் பொரி போல உப்பியிருந்தது.

"கடைசி வரைக்கும் திருகாதீங்கக்கா. கொஞ்சம் பின்னால திருப்புங்க."

பெண் குரல். நெற்றியில் சிவப்பு விளக்கு. அங்கே படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கட்டுவதுதான். லென்ஸில் பனி படியாமலிருக்க ஒரு சூட்டுப் பையைச் சுற்றிவிட்டாள். தொட்டுப் பார்த்தேன்... பனிக்கட்டி.

இவள் வந்த வண்டிச் சத்தம் கேட்கவில்லையே...

"அவரும் மொதல்ல இப்படித்தான் திருகுனாரு."

"எவரு?" என்றேன்.

விளக்கு நகர்ந்து மேட்டு விளிம்பில் நின்றது. மணி 2.40. அகப்பட்டாயா என்று கேமராவை அந்தப் பக்கம் திருப்பினேன். லென்ஸ் இருபது வினாடி திறந்திருக்கும். நடக்கிற ஆள் படத்தில் விழமாட்டார். அசையாமல் நிற்கிறவர்தான் விழுவார்.

க்ளக்...

காற்றுகூட இல்லை.

க்ளக்.

திரையில்... இரண்டு பேர்.

எப்படி வண்டி ஓட்டி இறங்கினேனோ தெரியாது.

காலையில் அடிவாரத்துத் தோட்டக்காரர் பியோனிடம் படத்தைக் காட்டினேன். அவர் அவள்மேல் விரல் வைத்தார்.

"இந்தப் பொண்ணு மேட்டு மேலதான் குளிர்ல வெறச்சுக் கெடந்துச்சு. ஒம்பது வருஷமாச்சும்மா. பக்கத்துல யாரு?"

ஒன்பது வருஷம். என் கணவர் கேமரா வாங்கியதே அதற்கு அப்புறம்தான்.

பக்கத்தில் நிற்கிறவரின் முதுகுதான் தெரிகிறது. முகம் அவள் பக்கம். தலையில் இரட்டைக் குஞ்சத் தொப்பி.

அந்த இருபது வினாடியில் என் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தாலும் அந்தத் தொப்பி மங்கலாக விழுந்திருக்கும். பாவி மனுஷன்... நான் பின்னிய ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரிகிறது.